விரால் வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில், மீனுக்கும் கொக்குக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, கண்மாயிலேயே பெரிய பாசக்காரி விரால்தான். கெண்டை ஆயிரம் முட்டை இடும். ஐந்து தப்பினால் அதிகம். அதற்காகக் கெண்டை ஒருநாளும் தலையில் அடித்துக்கொண்டதில்லை. விராலுக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் வராது.

அப்படி ஒரு விரால், வரிச்சி என்று பெயர். கங்குபோல் சிவந்த குஞ்சுகளை மேலே மேயவிட்டு, அடியில் காவல் நிற்பாள். நண்டு வந்தால் முட்டுவாள். பாம்பு வந்தால் கடிப்பாள். கொக்கு தண்ணீரில் கால் வைத்தால் காலையே பிடித்து இழுப்பாள். முதல் மழைக்கு முந்நூறு குஞ்சு; ஒன்றுகூடச் சாகவில்லை. அடுத்த மழைக்கு அவளோடு மகள்களும் பொரித்தார்கள். அதற்கடுத்த மழைக்கு மகள்களின் மகள்களும் பொரித்தார்கள். அத்தனை பேரும் வரிச்சியைச் சுற்றியே நின்றார்கள். கண்மாயில் தண்ணீரைவிட விரால்தான் அதிகம்.

கொக்கு மெலிந்துபோய்க் கிளம்பியது.

"வருசத்துக்கு நாலு குஞ்சு கேட்டேன், தரமாட்டேன்னுட்ட. நான் திங்காததை இந்தக் கண்மாயே திங்கும், பாத்துக்க வரிச்சி."

"போய்யா, போ! பசியில உளறாத" என்று சிரித்தாள் வரிச்சி.

அந்தச் சிரிப்பு நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. கூனி இறால் தீர்ந்தது, தலைப்பிரட்டை தீர்ந்தது, கெண்டைகள் இருந்த இடம் தெரியவில்லை. குஞ்சுகளுக்குத் தலை மட்டும் பெருத்து உடம்பு நூலானது. ஒருநாள் காலையில் ஏழு மிதந்தன. மாலையில் இருபது. வரிச்சியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை; கரைக்கும் மடைக்குமாக அலைந்தாள். பசிக்கு ஒரு கால் இருந்திருந்தால் அதையும் பிடித்து இழுத்திருப்பாள்.

அப்போது பெருமழை பிடித்தது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கரையில் கல் கட்டிய கலுங்கின் மேல் வழிந்தது. அந்தப் பக்கம் வாய்க்கால்கள், வயல்கள், வேறு கண்மாய்கள். கலுங்கு வழியும்வரைதான் வழி.

"போங்க எல்லாரும்! அங்கிட்டு இரை இருக்கு" என்று கத்தினாள்.

"நீயும் வா ஆத்தா."

"கூட்டமாப் போனா அந்த இடமும் இப்படித்தான் ஆகும். ஆளுக்கு ஒரு வாய்க்காலாப் பிரிஞ்சு போங்க."

"ஒத்தையிலயா? கொக்கு பிடிச்சிருமே!"

"சில பேரைப் பிடிக்கத்தான் செய்யும்" என்றாள் வரிச்சி.

ஒருவரும் அசையவில்லை. மூக்கால் நெட்டித் தள்ளினாள். விளையாட்டு என்று நினைத்துத் திரும்பி வந்தார்கள். கெஞ்சினாள், வைதாள். காலையில் ஒரு சாண் வழிந்த தண்ணீர் உச்சிவெயிலுக்குள் நாலு விரலானது. பிறகு இரண்டு விரல். அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சிவப்பு மங்கத் தொடங்கியிருந்த கடைக்குட்டி அவள் முகத்தருகே வந்தது. எல்லாரையும்விட அவளுக்குச் செல்லம் அதுதான்.

"ஆத்தா, கலுங்கு நின்னுட்டா நாங்க போகவேண்டாம்தானே?"

வரிச்சி அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். விழுங்கினாள்.

கூட்டம் முழுக்கப் பார்த்தது. அவள் அடுத்த குஞ்சின் பக்கம் திரும்பி மறுபடி வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். அலறியடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கலுங்கு தாண்டி, அகப்பட்ட வாய்க்காலில் எல்லாம் சிதறி ஓடினார்கள். கடைசி வால் மறைந்தபோது கலுங்கின் கல் வெளியே தெரிந்தது.

அழுகிற சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று, அழுகையை அடக்கி, வரிச்சி வாயைத் திறந்தபடியே அங்கே நின்றாள்.

அன்று முதல்தான் விரால், குஞ்சுகள் சிவப்பாக இருக்கும்வரை உயிரைக் கொடுத்துக் காக்கிறது. சிவப்பு மாறிக் கறுத்ததும் விலகாமல் நிற்பதைத் தானே விழுங்குகிறது. பாசமா, பசியா என்று நின்று கேட்ட குஞ்சு எதுவும் திரும்பி வந்து சொன்னதில்லை.