தெய்வசிகாமணியின் லோயர் ஆர்ம்

“என்ன குறைன்னு சொன்னா திருத்திப்போடுவனுங்க மேடம். ஒண்ணுமே சொல்லாம திருப்பித் திருப்பிக் குடுத்தா, நான் எங்க போயி முட்டிக்கிறது?”

தெய்வசிகாமணி இதைக் கேட்டபோது அவர் கையில் ஒரு லோயர் ஆர்ம் இருந்தது. காரின் முன்சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் பிணைக்கிற இரும்புக் கை அது. கம்பெனி போட்டு அனுப்புவதைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிக்காரர்கள் வேறு வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டுவதற்கென்றே செய்து விற்பவர் தெய்வசிகாமணி. கோயமுத்தூரில் அவர் பட்டறை சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

ரோசலின் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு அவளைவிட இருபது வயது கூட. வெளிநாட்டில் படித்து, சில காலம் பந்தயம் ஓட்டி, இப்போது பேரூருக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டு வண்டிகளின் சஸ்பென்ஷனைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அதுதான் தெய்வசிகாமணிக்குப் பெரிய தொந்தரவு. அவர் வீட்டிலும் பட்டறையிலும் எல்லோரும் பதில் சொல்லிப் பழகியவர்கள்.

ஆனாலும் அவர் அங்கே வந்துதான் ஆகவேண்டும். காரணம் அவர் மகள் பவதாரிணி.

போன வருடம் மலைப்பாதையில் நடந்த ராலி பந்தயத்தில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தாள். ஒரு சின்னப் பாலத்தின் விளிம்பில் சக்கரம் மோதியது. கம்பெனி ஆர்ம் வளைந்தது. வண்டி நின்றது. ஜெயித்திருக்க வேண்டியவள் பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்து அழுதாள்.

தெய்வசிகாமணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். தன் மகள் வண்டியில் இனி வளைகிற சாமான் இருக்காது. தன் கையால் செய்த ஆர்ம் இல்லாமல் அவள் வண்டியில் ஏறக்கூடாது.

மகளும் அப்பனுக்குக் குறைந்தவள் இல்லை. ரோசலின் அக்கா சரி என்று சொல்லாத எதையும் வண்டியில் மாட்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில் ராலி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்ம் சரியாகவில்லை என்றால் பவதாரிணி இந்த வருடம் வீட்டில்தான்.

முதல் தடவை அவர் கொண்டுவந்தபோது ரோசலின் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எடை பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இது எப்ப வளையும்?”

“வளையவே வளையாதுங்க.”

திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பலத்தில் சந்தேகப்படுகிறாள் என்று தெய்வசிகாமணி நினைத்துக்கொண்டார். பட்டறைக்குப் போய் இரும்பைக் கொஞ்சம் கனமாக்கினார். அதே கேள்வி, அதே பதில். இன்னும் கனமாக்கினார். நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கினார். ஓரங்களில் விலா எலும்புபோல இரும்புப் பட்டைகள் வைத்து வெல்டிங் செய்தார். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறு.

அப்படி வந்து நின்ற நாளில்தான் முட்டிக்கொள்ள இடம் கேட்டார்.

ரோசலினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்போல. கொடுங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவின் அடியில் ஒரு கருங்கல்லை முக்கால்வாசி புதைத்து வைத்திருந்தாள். பவதாரிணி ஓட்டுகிற அதே மாடலில் பழைய வண்டி ஒன்று மேலே நின்றது. அதில் இருவருமாக அவருடைய ஆர்மைப் பூட்டினார்கள். ஓட்டுநர் சீட்டில் ஒரு மணல் மூட்டையை உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள்.

ரோசலின் உள்ளே போய் ஒரு ஜோடி ஷூவோடு வந்தாள். பவதாரிணி பயிற்சிக்குப் போடுகிற ஷூ. அங்கேதான் ரேக்கில் கிடக்கும். அதை மிதிகட்டைகளின் கீழே, கால் இருக்கிற இடத்தில் ஒழுங்காக வைத்தாள்.

மூட்டைக்குக் காலும் வந்துவிட்டது, இனி லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று தெய்வசிகாமணி வேடிக்கையாகச் சொன்னார்.

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையை எடுத்தார்கள். வண்டி தானாக இறங்கியது. வேகம் பிடித்தது. வலது சக்கரம் கல்லில் மோதிய சத்தத்தில் வேலிமேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

தெய்வசிகாமணி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. போன வேகத்தில் மண்ணில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

ஆர்ம் அப்படியே இருந்தது. ஒரு கோணல் இல்லை. பெயின்ட்கூடப் பெயரவில்லை.

எழுந்து வந்தபோது சட்டையெல்லாம் மண், முகமெல்லாம் பெருமை. ஆள் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

“பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. நல்லா இறுக்கமான சாமான்.”

அவ்வளவு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதைக் கேட்டு அவர் குளிர்ந்துபோய் நின்றபோதே அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“பவி ஷூவை எடுத்துட்டு வந்துருங்க. ரேக்ல வெச்சுரலாம்.”

ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. சரி என்று மறுபக்கம் வழியாக நுழைந்து, மூட்டையைத் தாண்டிக் குனிந்து கையை விட்டார்.

இடது ஷூ வந்தது.

வலது ஷூ வரவில்லை.

எட்டிப் பார்த்தார். வளையாத ஆர்ம் தள்ளிய தள்ளலில், அதைத் தாங்குகிற பிடி சட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. தரைத்தகடு மடிந்து எழும்பி நின்றது. அந்த மடிப்புக்கும் பிரேக் மிதிகட்டைக்கும் நடுவில் ஷூ நசுங்கிக் கிடந்தது.

இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஷூவின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பெண் அவள். பிறந்த அன்று கையில் வாங்கியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

ரோசலின் வெளியே நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். குரல் அடங்கியிருந்தது.

“எவ்வளவு மெலிசாப் பண்ணோணுமுங்க?”

“எனக்குத் தெரியாதுங்களே.”

“பின்ன யாருக்குத் தெரியும்?”

அவள் வண்டிக்கு அடியில் பிய்ந்து நின்ற பிடியைக் காட்டினாள். “அதுகிட்டக் கேளுங்க.”

வேறு யாராவது இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். தெய்வசிகாமணி விடாக்கண்டர். அந்தப் பழைய வண்டியின் மறுபக்கத்துப் பிடியை, சட்டத்தோடு சேர்த்து வெட்டித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து பட்டறையில் விநோதமான வேலை நடந்தது. வெட்டிவந்த பிடியை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பூட்டுவார். அதில் ஓர் ஆர்மை மாட்டுவார். இரண்டில் ஒன்று தோற்கும்வரை அழுத்துவார். தோற்றது பிடி என்றால் ஆர்மை இழைத்து மெலிசாக்குவார். பிடி பிய்ந்துபோனால் பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்து அதே மாடலில் இன்னொன்று வெட்டிவருவார்.

ஆயுசு முழுக்கச் சாமான் உடைந்தால் பட்டறையை இரண்டாக்குகிற மனிதர் அவர். இப்போது தானே செய்து தானே நசுக்கினார். பார்த்துப் பார்த்து ஃபோர்மேன் சடையப்பனுக்கு வயிறு எரிந்தது. முதலாளிக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் வாசலில் பூசணிக்காய் கட்டினார். தெரிந்த பிறகும் தெய்வசிகாமணி அதை அவிழ்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை.

எங்கே இழைப்பது என்பதே பெரிய வழக்காக இருந்தது. சக்கரத்துப் பக்கம் இழைத்தால் சாதாரணக் குழிக்கே தாங்கவில்லை. பிடிக்குப் பக்கத்தில் இழைத்தால் பிடியையும் சேர்த்து இழுத்தது. ஆசையாக வைத்த விலாக்களை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் ஆர்ம் பிடிக்கு முன்னால் தோற்றது. ‘டப்’ என்று இரண்டு துண்டாகத் தெறித்தது. சடையப்பன் குதித்து விலகினார். தெய்வசிகாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கையோடு ரோசலினுக்குப் போன் போட்டார்.

“உடைஞ்சிருச்சுங்க மேடம்!”

“உடையறதும் வளையறதும் ஒண்ணுங்களா?”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அவர் துண்டுகளைக் கையில் எடுத்து, முறிந்த வாயைப் பார்த்தார். கண்ணாடிபோல வெடித்திருந்தது. மலைத்திருப்பத்தில் இது நடந்தால் சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். வண்டிக்குள் யார் இருப்பார்கள் என்று நினைத்தவர், அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

குற்றம் அவருடைய நெருப்பில் இருந்தது. கோயமுத்தூரில் இவ்வளவு இறுக்கமாகக் காய்ச்சித் தோய்க்க ஆள் இல்லை என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரைத்தான் இப்போது விடவேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ராலிக்கு நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. மகள் ஹெல்மெட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அதைப் பார்ப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

விடியற்காலையில் பட்டறைக்குப் போனார். வேறு இரும்பு எடுத்தார். இறுக்குவதற்குப் பதிலாகப் பதமாக ஆறவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ராலிக்கு முந்தின வாரம், ஒரு மத்தியான நேரத்தில், ஒரு சாக்குமூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோசலின் ஷெட்டுக்குள் நுழைந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்.

அத்தனையும் வளைந்த ஆர்ம்கள்.

ரோசலின் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து வளைவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கு அடுத்தது. எல்லாம் ஒரே இடத்தில் வளைந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன. எதிலும் விரிசல் இல்லை.

பிடி என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

இத்தனைக்கும் ஒரே பிடிதான், கடைசிவரை ஒரு கீறல் இல்லை என்றார். குழிக்கும் மேட்டுக்கும் அசையாது, சோதித்துவிட்டேன் என்றார். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த துணிப்பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். உள்ளே வளையாத ஒரு ஜோடி, பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது.

“நல்லது ரெண்டு கொண்டாந்தனுங்க. பாக்கறீங்களா?”

“வேண்டாங்க,” என்றாள் ரோசலின். “பாத்துட்டேன்.”

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பவதாரிணியைக் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள், அப்பா சாமான் தயார் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. ரோசலின் போனை அவரிடம் நீட்டினாள்.

தெய்வசிகாமணி வாங்கிக் காதில் வைத்தார். மகள் குரலில் போன வருடத்து அழுகை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“அப்பா, இந்தத் தடவை வளையாதில்ல?”

அவர் தரையில் கிடந்த குவியலைப் பார்த்தார்.

“வளையும் அம்மிணி,” என்றார். “நீ தைரியமா மிதி.”