விளக்குக்குப் போர்த்திய பொன்னாடை

சங்கரன்கோவில் பாத்திரக்கடை தெய்வசிகாமணிக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததே கிடையாது. வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குக் குருவைப் பார்க்க வந்ததுகூடக் கேள்வி கேட்க இல்லை. பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். குரு தலையாட்டினால் போதும்.

குரு அங்கயற்கண்ணி அம்மா, வயதில் அவரைவிட இளையவர். மடத்துச் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என் மக கோமதிக்குக் கூடலூர்ல மாட்டு டாக்டர் வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணுமாம். மலைக்காடு, யானை நடமாட்டம். நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்க. அதான் அவ பெட்டியை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்."

இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

"நான் எப்போ சொன்னேன்?"

"வாயால சொல்லலை. வீட்டுக் கூடத்துல உங்க படம் இருக்கு. அதுக்கு நேர் மேல, பலகை சீலிங்குல பதிச்ச ஸ்பாட் லைட். அவ போறேன்னு பேச்செடுத்தாலே பல்பு ஃபியூஸ் ஆகுது! புதுசு போட்டு, பொட்டு வெச்சு, கற்பூரமும் காட்டினேன். அதுவும் போச்சு. வயரை மாத்தியாச்சு, கரண்டுல கோளாறே இல்லை. இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?"

"மககிட்ட எப்போ பேசுவீங்க?"

"கடை சாத்திட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால."

"விளக்கை எப்போ போடுவீங்க?"

"விடிஞ்சதுமே. உங்க படம் இருட்டுல இருக்கலாமா?"

அம்மா கீரையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

குருவே வீட்டுக்கு வருகிறார்! தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார்.

கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுது வீங்கிய கண்ணோடு கோமதி வந்து வணங்கினாள். அம்மா சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"ஏணி போட்டு ஏறு தாயி. மேல என்ன இருக்கு பாரு."

"ஐயையோ, அவ வேண்டாம்! விழுந்து தொலைப்பா!" என்று தெய்வசிகாமணி பதறினார். அதற்குள் அவள் ஏறிவிட்டாள். பலகையை விலக்கிக் கையை உள்ளே விட்டவள், ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டாள்.

"கொதிக்குதும்மா. விளக்கு மேல துணியை அடுக்கி வெச்சிருக்கு."

எடுத்துக் கீழே போட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக ஜரிகை பளபளக்க விழுந்தன. அத்தனையும் பொன்னாடை.

"இது என்ன?" என்றார் அம்மா.

தெய்வசிகாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "வருஷா வருஷம் உங்களுக்குப் போர்த்துறேன். நீங்க அதைப் பிரசாதமாத் திருப்பித் தர்றீங்க. குரு தொட்ட துணியைக் கால் படுற இடத்துல வைக்கலாமா? அதான் எல்லாத்துக்கும் மேல வெச்சேன். விளக்குக்கும் தூசி அண்டாது, பல்லி அண்டாது. எலக்ட்ரீசியனைக்கூட அதுல கை வைக்க விடலை!"

"அப்படியா? உட்காருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஒரு பொன்னாடையை எடுத்து உதறி அவர் தோளில் போர்த்தினார். குரு கையால் மரியாதை! தெய்வசிகாமணி கைகூப்பினார், முகமெல்லாம் பூரிப்பு.

இன்னொன்றைப் போர்த்தினார். அதன்மேல் இன்னொன்று. அடுத்ததைத் தலையோடு சேர்த்து மூடினார். சித்திரை மாதத்து மத்தியானம். பாவம், மனுஷன் வியர்வையில் முகம் கழுவினது மாதிரி ஆகிவிட்டார்.

"அம்மா..."

"இருங்க. மரியாதை இன்னும் முடியலை."

"மூச்சு முட்டுதும்மா!"

"தூசி படலையே?"

ஏணியிலிருந்து இறங்கி நின்ற கோமதி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். தெய்வசிகாமணி எல்லாவற்றையும் உதறி எறிந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கீழே விழுந்த பொன்னாடை ஒன்றின் நடுவில், விளக்கு பட்ட இடம் வட்டமாகக் கருகியிருந்தது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் வீடே பற்றியிருக்கும். விடிந்ததும் போட்ட பல்பு, ராத்திரிப் பேச்சு நேரத்துக்குள் வெந்து போனதில் என்ன அதிசயம்!

மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்தைப் பிள்ளைம்மா," என்றார். "குளிரும், அட்டை கடிக்கும். யாராவது ஒரு சொல் சொன்னா வாடிப்போவா. அங்க அவளைப் பார்த்துக்க யாரு இருக்கா? எனக்குப் பயமா இருக்கு."

பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கோமதி கேட்டதே இல்லை.

ஜன்னல் கட்டையில் ஃபியூஸ் போன பல்பு ஒன்று கிடந்தது. குங்குமப் பொட்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தூசி படிஞ்ச பல்பைத் துடைச்சா மறுபடி வெளிச்சம் வரும். இது மூடி வெச்சதால போன பல்பு, துடைச்சுப் பாருங்க."

தெய்வசிகாமணி துடைக்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.