மகாராஜாவின் கிச்சுகிச்சு

முன்னொரு காலத்தில், எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கிற ராஜா ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். ராஜா கேள்வி கேட்பதில் தப்பில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல நன்னயப் பண்டிதர் என்று ஒருவர் சபையில் இருந்தாரே, அதுதான் அந்த நாட்டைப் பிடித்த சனி. "ஈரத்துணி ஏன் கறுத்துத் தெரிகிறது?" என்று ராஜா கேட்டால், "நனைந்த துக்கம், பிரபு" என்பார். "கண்ணாடியில் வலக்கை இடக்கையாகிறது, தலை மட்டும் ஏன் காலாகவில்லை?" என்றால், "கண்ணாடிக்கும் மரியாதை தெரியும், பிரபு" என்பார். சபை கைதட்டும். விகடகவி இடும்பன் மட்டும் வாய் நிறையக் கொட்டாவி விடுவான். அதனாலேயே பண்டிதருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

இடும்பனின் மனைவிக்கு ஓர் அண்ணன், கோனேரி. ராஜாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் உத்தியோகம். ஒருநாள் அண்டை நாட்டுத் தூதர் வந்து எல்லைத் தகராறு பேசிக்கொண்டிருந்தபோது, கோனேரியின் விரல் ராஜாவின் உள்ளங்காலில் படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது. "ஓர் அங்குல நிலமும் தர..." என்று மீசையை முறுக்கிய ராஜா, "கிக்கிக்கீ" என்று நெளிந்து சிம்மாசனத்திலிருந்து சரிந்தார். தூதர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தூதர் போனதும் ராஜா தன் காலைத் தானே தடவினார், சொறிந்தார், விரல் நுனியால் மெல்ல வருடினார். ஒரு புன்னகைகூட வரவில்லை.

"நம் கால், நம் கை. நாம் தொட்டால் சிரிப்பு வரவில்லை. இந்தப் பயல் தொட்டால் வருகிறது. ஏன்?"

பண்டிதர் இடும்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். மைத்துனன் கை போனால் இடும்பன் வாயும் அடங்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"இவன் கையில் சூனியம் இருக்கிறது, பிரபு."

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உத்தரவை எழுதச் சொன்னார். வாசித்தால் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று பண்டிதர் தாமே எழுதினார்: "மன்னர் திருப்பாதம் தீண்டி மன்னரைச் சிரிக்கவைக்கும் கை எக்கையாயினும், அக்கை வெட்டப்படும்." மறுநாள் உச்சிவேளைக்கு நாள் குறித்தார்கள்.

"எங்கண்ணன் ரெண்டு கையோட வீட்டுக்கு வரணும். இல்லேன்னா நீங்களும் வராதீங்க" என்று இடும்பனிடம் மனைவி சொல்லியனுப்பிவிட்டாள். மறுநாள் சபைக்குப் போனால், கோனேரி கட்டுண்டு நிற்கிறான். பக்கத்தில் தண்டனையை நிறைவேற்றும் கொலையாளி கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"மாப்ளே, எண்ணெய் தேய்க்கிறத விட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாதே" என்றான் கோனேரி. வாயை விற்றே பிழைத்த இடும்பன் எழுந்தான்.

"பிரபு, வெட்டட்டும். ஆனால் சூனியம் கையில் இருக்கிறதா, காலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டினால் நல்லது."

"திருப்பாதத்தில் சூனியமா! என்ன துணிச்சல்!" என்று குதித்தார் பண்டிதர்.

"அப்படி இல்லை என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறேன். சூனியமில்லாத கை ஒன்று தொடட்டும். சிரிப்பு வராவிட்டால் குற்றம் கோனேரி கைதான். இந்தச் சபையில் பண்டிதர் கையைவிடப் பரிசுத்தமான கை உண்டா?"

புகழ்ச்சி என்றால் பண்டிதருக்கு வெல்லப்பாகு. விரல்களைப் பன்னீரில் கழுவிக்கொண்டு, உள்ளங்காலைப் பயபக்தியோடு தொட்டார். ராஜா உதட்டைக் கடித்தார். காது துடித்தது. கன்னம் உப்பியது. "கிக்கிக்கீ!"

கொலையாளி கடமை தவறாதவன். கோனேரியை விட்டுவிட்டுப் பண்டிதரை நோக்கி இரண்டு அடி எடுத்துவைத்தான்.

"நீ எங்கேயடா வருகிறாய்?" என்று அலறினார் பண்டிதர்.

"ஓலையில யார் பேரும் இல்லீங்களே சாமி. எந்தக் கையா இருந்தாலும்னு நீங்கதானே எழுதினீங்க? வலது கையா, இடது கையாங்க?"

பண்டிதர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "பிரபு! அந்த ஓலையைக் கிழித்துவிடலாம் என்பது அடியேனின் தாழ்மையான யோசனை!"

ராஜா ஓலையைக் கிழித்தார். கோனேரியின் கட்டை அவிழ்த்தார்கள். "அது இருக்கட்டும். நம் கேள்விக்கு என்ன பதில்?" என்றார் ராஜா.

இடும்பன் சொன்னான்: "தாங்கள் வீதியில் போனால் முன்னால் கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். யாராவது திடுக்கிடுகிறார்களா? வெற்றிலைச் சாற்றைத் துப்ப வந்தவன்கூட விழுங்கிவிட்டுக் கும்பிடுகிறான். தங்கள் கை புறப்படும்போதும் உடம்புக்குள் ஒரு கட்டியக்காரன் முன்னால் ஓடி, 'கை வருகிறது, இந்த இடத்தில் படும்' என்று சொல்லிவிடுகிறான். கால் தயாராகிவிடுகிறது. மற்றவர் கைக்கு அந்தக் கட்டியக்காரன் இல்லை, பிரபு."

ராஜாவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"சரி, கால் திடுக்கிட்டது. திடுக்கிட்டால் அலறலாம், அழலாம். சிரிப்பு எதற்கு?"

பழக்கதோஷத்தில் பண்டிதர் வாயைத் திறந்தார். கத்தியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"தெரியாது, பிரபு" என்றான் இடும்பன்.

"என்ன?"

"சத்தியமாகத் தெரியாது. கேள்வி இத்தனூண்டுதான். பதிலைக் கண்டுபிடிக்க நம் பேரன்மாருக்கும் ஆயுசு போதுமோ என்னவோ."

அந்தச் சபையில் அதுவரை யாரும் 'தெரியாது' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ராஜா பண்டிதரைப் பார்த்தார், இடும்பனைப் பார்த்தார். முதலில் தொந்தி குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வரும்வரை விழுந்து விழுந்து சிரித்தார்.

'நான் தொடவில்லை' என்பதுபோல் கோனேரி சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். அடுத்த நொடி பண்டிதரும் தூக்கினார். அமைச்சர்கள், படைத்தலைவர்கள், சாமரம் வீசுகிறவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். கொலையாளி கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தூக்கினான். அதைக் கண்டு ராஜாவுக்குச் சிரிப்பு இன்னும் பீறிட்டது. சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு இடும்பனிடம் வந்தார். இடும்பனும் கைகளைத் தூக்கியபடியே நின்றான், மாலை கழுத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் இறக்கவில்லை.