கடேசன் வீட்டுப் பத்தியம்

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டிவிடட்டும்.

கொட்டவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

எங்கள் கொடிக்கால்மேட்டில் அடித்த புயல் சாதாரணப் புயல் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் கூரை பறந்துபோய் மூன்று மைல் தள்ளி மாட்டாஸ்பத்திரி மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் வீட்டுச் சேவல் ஒரு வாரம் பின்பக்கமாகவே நடந்தது.

சிரிக்கிற சங்கதி இத்துடன் முடிந்தது.

அதே காற்றில் கடேசனுடைய வெற்றிலைக் கொடிக்கால் அகத்தி மரங்களோடு சாய்ந்தது. அடியில் அவன் தம்பி. "போய்க் கொடியை இழுத்துக் கட்டிட்டு வாடா" என்று அனுப்பியவன் கடேசன்தான்.

பதினைந்தாம் நாள் கடேசன் பூச்சிமருந்தைக் குடித்தான்.

தூக்கிக்கொண்டு ஓடியவள் தையல்நாயகி. சித்த வைத்தியம் படித்துவிட்டு ஊரிலேயே தங்கிய முப்பது வயதுப் பெண். பச்சிலை கிச்சிலை எதையும் அவள் தொடவில்லை. யாரோ கரைத்துக்கொண்டு வந்த மோரையும் தட்டிவிட்டாள். பால் வண்டியில் போட்டு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

பிழைத்தான். வீடு திரும்பினான். பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் மனநல டாக்டர் அறவாழி. நரைத்த தலை. ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். புயல் அடித்த ஊர்களுக்கு ஜீப்பில் வந்து போய்க்கொண்டிருந்தார். கடேசனுக்கு மாத்திரை கொடுத்தார். அவன் அதை நாக்குக்கு அடியில் ஒளித்துக் கொல்லையில் துப்பினான்.

"பைத்தியத்துக்குக் கொடுக்கறது" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது கடேசன் வீட்டு வாசலில் பெரிய பானை ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள்.

"யார் வச்சது இது?"

"நான்தான் சார்" என்றாள் தையல்நாயகி.

"உள்ளே என்ன?"

"மருந்து."

"அதுதான், என்ன மருந்து? பாதரசமா, செந்தூரமா? என் மாத்திரையோட இது சேர்ந்தா அவர் ஈரல் என்ன ஆகும்னு தெரியுமா?"

"குடிச்சுப் பாருங்களேன்."

நீட்டிய டம்ளரை டாக்டர் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நாங்கள் டாக்டரை அப்படிப் பார்த்தோம். கடேசனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாரோ என்று எங்களுக்குப் பயம். எனக்கு டாக்டர், தையல்நாயகி இரண்டு பேர் மேலும் சந்தேகம். என் மேலேயே எனக்குச் சந்தேகம் உண்டு, அது வேறு விஷயம்.

"பத்தியம் ஏதாவது சொல்லியிருக்கா?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

எதிர்வீட்டுப் பூவாயி முந்திக்கொண்டாள். "நாப்பத்தெட்டு நாள் சார். அடுப்பு அணையக் கூடாது. யாராவது ஒருத்தர் கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு வீட்டு முறை, ராத்திரிக்கும் சேர்த்து. கடேசண்ணன் தனியா இருந்தா மருந்து முறிஞ்சிடும்."

"முறியுமா?"

"பலிக்காமப் போயிடும். பூச்சிமருந்து வாடை பட்டாலும் அப்படித்தான். அருவா, கயிறு, டப்பா எல்லாத்தையும் வாய்க்காலுக்கு அந்தாண்ட கொண்டுபோய் வச்சாச்சு. எங்க வீட்டுதும்."

"என் மாத்திரை?"

"அது அனுபானம் சார்" என்றாள் தையல்நாயகி. "துணை மருந்து. அது உள்ளே போனாத்தான் கஷாயம் வேலை செய்யும். முழுங்கிட்டு நாலு பேருக்கு வாயைத் திறந்து காட்டணும்."

முப்பது வருஷம் கொடுத்த மாத்திரை துணை மருந்தா? டாக்டரின் மூக்கு சிவந்தது. போகும்போது அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன சீசா கஷாயமும் போனது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு காகிதத்தோடு வந்து இறங்கினார்.

செவ்வாய் என் முறை. நான் கிண்டப் போகவில்லை. வாசலுக்கு எதிரே சாய்ந்து கிடந்த புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். சண்டையை நேரில் பார்ப்பதைவிட ஒளிந்து பார்ப்பதில் ருசி அதிகம்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"சுக்கு. மல்லி. பனைவெல்லம். சோதிச்சுப் பார்த்தாச்சு, வேற ஒண்ணும் கிடையாது. நம்பி வர்ற சனங்களை ஏமாத்தறீங்க. கலெக்டருக்கு எழுதப்போறேன். பானையை எடுத்துட்டுப் போவாங்க."

"எழுதுங்க சார். உங்க மாத்திரை பிடிக்க எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம். சிலருக்குக் கூடவும் ஆகும்."

"அவர் துப்பாம முழுங்க ஆரம்பிச்சு இன்னிக்குப் பன்னிரண்டு" என்று சொல்லி அகப்பையை அவர் கையில் வைத்தாள். "கிண்டற ஆளைக் காணோம். வடக்குத் தெருவுல ஒரு பொண்ணு மூணு நாளா சாப்பிடலையாம், பார்த்துட்டு வந்துடறேன்."

சைக்கிளில் ஏறிப் போயேவிட்டாள்.

டாக்டர் அகப்பையைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த கடேசனைப் பார்த்தார்.

கிண்டினார்.

ஒரு மணி நேரம். இரண்டு. கண்ணில் புகை. சட்டை முதுகோடு ஒட்டியது.

"அடியில பிடிக்குது" என்றது ஒரு குரல்.

டாக்டர் திடுக்கிட்டார். பேசியது கடேசன்.

"வலப்பக்கமா சுத்துங்க. ம்... அப்படி. என் தம்பி இருந்தா உங்களைப் பார்த்துச் சிரிப்பான். பாகு காய்ச்சறதுல கெட்டிக்காரன்."

பிறகு தம்பியைப் பற்றியே பேசினான். காற்று அடித்த அன்று காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும். டாக்டர் குறிப்பெடுக்கவில்லை. கை ஒழியவில்லை.

பேச்சு ஓய்ந்தது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"கடேசன், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது வெறும் சுக்குமல்லித் தண்ணி."

புளியமரத்துக்குப் பின்னால் எனக்கு மூச்சு நின்றது. கால் மணி நேரம் நின்றது, வேண்டுமானால் மரத்தைக் கேளுங்கள்.

கடேசன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மெதுவா சார். எனக்கு மூணாம் நாளே தெரியும். நாக்கு இல்லையா எனக்கு?"

"அப்புறம் ஏன் குடிக்கிறீங்க?"

"இத்தனை சனம் நம்பி வந்து கிண்டுது. பூவாயி வீட்டுக்குக் கூரையே இல்லே, அவ இங்க வந்து விறகு தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கா. இது தண்ணின்னு நான் சொன்னா அவங்க மனசு விட்டுடாதா? நாப்பத்தெட்டு நாளாவது இருந்து முடிச்சுக் கொடுக்கணுமில்ல."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம்னு இன்னும் யோசிக்கலே. நீங்க கிண்டுங்க."

சாயங்காலம் தையல்நாயகி திரும்பினாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். நானும் மரத்துக்குப் பின்னாலிருந்து நழுவிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். டாக்டர் காகிதம் கொண்டுவந்த சேதி ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பூவாயி இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்ன எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க டாக்டரய்யா."

டாக்டர் தையல்நாயகியைப் பார்த்தார். அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். உதவிக்கு வரவில்லை.

கடேசனைப் பார்த்தார். அவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

காகிதத்தை விரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"இதுல ஏதோ ஒரு மூலிகை இருக்கு. எங்க மெஷினுக்கு அது பிடிபடலையாம்."

எழுபத்தெட்டு வருஷமாகப் பேசி வருகிறேன். இப்படி ஒரு பொய் எனக்குத் தோன்றியதில்லை.

"நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். "மாத்திரையையும்."

"சரிங்க" என்று தலை குனிந்த பூவாயி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவன் தரையைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் வானத்தைப் பார்த்தாள். கிண்டிய கையை நக்காதவர் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

டாக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே போனார். கடைசி முகம் வரைக்கும் போனார்.

பிறகு ஒரு டம்ளர் மொண்டு, ஊதி ஊதி, முழுக்கக் குடித்தார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை யார் முறை?" என்றார்.

அந்த நாற்பத்தெட்டு நாள் முடிந்து இரண்டு வருஷமாகிறது. பானை இன்னும் கொதிக்கிறது.

இதை யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எங்களுக்கெல்லாம் தெரியும் என்பது கடேசனுக்குத் தெரியாது. மருந்து முறிந்துவிடும்.