வேலிக்கு வெளியே நின்ற ஏலக்காய்

அமெரிக்காவின் வடக்கே ஹால்வர்டன் என்று ஒரு சிறு நகரம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கட்டிய ஊர். நார்வேக்காரர்களே மறந்துபோன பாட்டு, பின்னல், மரத்தில் தீட்டும் பூவேலை எல்லாவற்றையும் இவர்கள் விடாமல் கட்டிக் காத்தார்கள். மேயர் தோர்வால்டு நார்வேயை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதனால் அவருக்குப் பக்தி கொஞ்சம் தூக்கல்.

அவருடைய செயலாளர் குமுதவல்லி. பிறந்தது போடிநாயக்கனூர், வாழ்க்கைப்பட்டு வந்தது இங்கே. நார்வேயின் தேசிய நாளான மே பதினேழாம் தேதித் திருவிழாவில் கம்பளிப் பாவாடை கட்டி, பன்னிரண்டு வருஷமாகக் கொடி பிடித்து முன்னால் நடப்பவள் அவள்தான். இதுவும் தன் ஊர்தான் என்று அவளுக்கு மனசு நிறைவது அந்த ஒரு நாள்தான்.

விழாக் குழுத் தலைவர் ஓட்வருக்கு அது கண்ணை உறுத்தியது. மேயரின் காதைக் கடித்தார். உடனே உத்தரவு பிறந்தது: 'நார்வே வழி வந்தது மட்டுமே திருவிழா வேலிக்குள் வரலாம்.'

அது தன்னை வெளியே நிறுத்தத்தான் என்று குமுதவல்லிக்குப் புரிந்தது. அழவில்லை. பேனாவை நீட்டினாள்.

"இது ஆளுங்களுக்கு மட்டுமா ஐயா, பொருளுக்கும் சேர்த்தா?"

மேயர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாத்துக்கும்தான்! ஒரு துரும்புகூட உள்ளே வரக்கூடாது!"

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாசல்ல நானே நின்னு பாத்துக்கறேன்."

மேயரும் பெருமையாகப் போட்டார்.

திருவிழா நாள் வந்தது. மணி பத்து. பத்து மணிக் காப்பி என்பது அந்த ஊரில் சட்டத்துக்கும் மேலே. மேயர் கையை நீட்டினார். கோப்பை வரவில்லை. கோபத்தோடு வாசலுக்கு நடந்தார். வேலிக்கு வெளியே குமுதவல்லி உத்தரவும் கையுமாக நின்றாள். அவள் பின்னால் மூட்டைகளும் தட்டுகளும்.

"காப்பி எங்கம்மா?"

"என்கூடத்தான் நிக்குது. காப்பிக்கொட்டை நார்வேயில விளையலையே ஐயா."

"பன்னாவது குடு. எங்க பாட்டன் பூட்டன் தின்ன பன்னு!"

"பூட்டன் நார்வேதான். பன்னுல இருக்கிற ஏலக்காயை நான்தானே போடியிலேருந்து வரவழைச்சேன்?"

"உருளைக்கிழங்கு ரொட்டி?"

"கிழங்குக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. எனக்கு முன்னாடியே வெளியே வந்துடுச்சு."

மேயரின் முகம் சிவந்தது. "அப்ப உள்ளே என்னதான் இருக்கு?"

"மீன்தான் ஐயா. அது அசல் நார்வே."

அந்த மீனை அறியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். கருவாட்டைக் காரச் சாம்பல் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, அலசி, வேகவைப்பார்கள். தளதளவென்று ஆடும். முன்னோர் பெருமை என்று ஊரே அதைப் புகழும். இரண்டாவது வாய் தின்றவர் யாரும் இல்லை. அன்று உள்ளே நான்கு அண்டா நிறைய இருந்தது.

ஓட்வர் ஓடிப்போய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நீட்டினார். மேயர் மீனைப் பார்த்தார். மீன் ஆடியது.

"வேலியைப் பிரிச்சுப் போடுங்கய்யா!" என்று மேயர் அலறினார். "குமுதவல்லி, கொடியை எடும்மா! நீ இருக்கிறவரைக்கும் அது உன் கையிலதான். முதல்ல காப்பியை ஊத்து!"

ஓட்வர் பதறிப்போனார். "அப்ப, நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவு என்ன ஆகறது?"

மேயர் காப்பிக்குக் கையை நீட்டினார். குமுதவல்லி கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் ஐயா. ஓட்வர் ஐயா ஒருத்தர் மட்டும் அதுப்படி சாப்பிடட்டும். நாலு அண்டாவையும் அவர் பக்கம் நகர்த்துங்க."

மேயர் சிரித்த சிரிப்பில் பாதிக் காப்பி சட்டையில் கொட்டியது.