கல்தொட்டியில கை கழுவுன மந்தி

அந்தக் காலத்துல கோழியோடவே படுத்து எந்திரிச்சோமே, யாருக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறயே சிந்தாமணி, இதே பேச்சைத்தான் சீரங்காயின்னு ஒரு மந்தியும் பேசிட்டு இருந்தா. மந்தி எங்கயாச்சும் கோழி வளக்குமான்னு மூஞ்சியைத் திருப்பாத. இவ வளத்தா. கேளு.

மலையடிவாரத்துல ஒரு ஓட்டுவீடு. காட்டுக் காவலுக்கு வந்த வாட்சர் குடும்பம் அதுல இருந்துச்சு. வேலை மாத்தலாகிப் போகையில சட்டி பானை எல்லாம் கட்டிக்கிட்டாங்க, ஒரே ஒரு செவலைக் கோழி மட்டும் கைக்குச் சிக்கலை. தலையில கொத்தாக் கொண்டை இருக்கும். அதனால அவ பேரு கொண்டைக்காரி.

மனுசங்க போன மறுநாளே சீரங்காயி அந்த வீட்டுக்குக் குடி வந்துட்டா. பரண் மேல படுக்கை. கீழ அடுப்படி. கொல்லையில கோழி. இடுப்புல அப்பத்தான் பல்லு மொளைக்கிற குட்டி ஒண்ணு, பேரு பொடிச்சி.

அந்தக் கொல்லை சீரங்காயிக்குப் புதுசில்ல. அவ குட்டியா இருக்கையில மழை வந்தா அவங்கம்மா அங்கதான் கூட்டிட்டு வருவா. பஞ்சாரம் இருக்கும்ல, கோழியைக் கவுத்து மூடற மூங்கில் கூடை, அதை லேசாத் தூக்கிட்டு எல்லாரும் உள்ள பூந்துக்குவாங்க. வெளிய மழை சடசடன்னு அடிக்கும். உள்ள குஞ்சுங்க கதகதன்னு காலடியில ஊரும். ஈர வைக்கோல் வாசம், தவிட்டு வாசம், அம்மா ரோமத்து வாசம். எத்தனை வருசமானாலும் அந்த வாசம் அவ மூக்கை விட்டுப் போகவே இல்ல. நான் வளந்த மாதிரியே என்ற புள்ளையும் வளரணும்னு ஆசைப்பட்டா. ஆசையில என்ன தப்பு?

ஆடி கழிஞ்சு கொண்டைக்காரி எட்டுக் குஞ்சு பொரிச்சா. சீரங்காயிக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்துல ஒத்திக்குவா. பொடிச்சி வாய்கிட்ட கொண்டுபோயி, "முத்தம் குடு சாமி, தங்கச்சிக்கு முத்தம் குடு"ங்குவா. அப்புறம் அதே கையில நாவப்பழத்தைப் பிசைஞ்சு புள்ளைக்கு ஊட்டுவா. தூறல் போட்டா எட்டுக் குஞ்சும் அடுப்படிக்கு வந்துரும். பழம் வெச்ச முறத்து மேலயே ஏறி நின்னு எச்சம் போடும். இவ அதை வாலால தட்டி விட்டுட்டு, "குழந்தைங்கதானே"ன்னு சிரிப்பா.

கை கழுவாதவன்னு மட்டும் அவளைச் சொல்லிர முடியாது. கொல்லையில ஒரு கல்தொட்டி இருந்துச்சு. அந்தத் தொட்டிக்கே ஒரு கதை இருக்கு. வாட்சர் அதை மேட்டுல இருந்து உருட்டிட்டு வரையில கால் பெருவிரல் மேல ஏத்திக்கிட்டாரு. மூணு மாசம் நொண்டி நொண்டித்தான் நடந்தாரு. தேனெடுக்க வர்ற கரடி அந்த மூணு மாசமும் ஓடவே இல்லையாம். சாவகாசமா நடந்து வந்து, தேனைக் குடிச்சுட்டு, போகையில "வெரலு இப்ப எப்படிங்க இருக்கு"ன்னு விசாரிச்சுட்டுப் போகுமாம். அது கெடக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், தொட்டி. சீரங்காயி அதுலதான் பொழுதுக்கும் கையை முக்கி முக்கி எடுப்பா. முக்குனதும் மோந்து பாத்துட்டு, சுத்தமாயிருச்சுன்னு போயிருவா.

ஒரு நாள் விடியக்காலையில பொடிச்சி பாலு குடிக்கலை. உடம்பு அனலாக் கொதிச்சுது. வெளிக்குத் தண்ணியாப் போச்சு. மத்தியானத்துக்குள்ள எட்டுத் தடவை போயிருச்சு. கண்ணு உள்ள போயி, கழுத்து தொவண்டு, அம்மா ரோமத்தைப் புடிச்சிருந்த கை தானா நழுவுச்சு.

மந்திக்குட்டி கை நழுவுனா என்னன்னு அந்தக் காட்டுல எல்லாருக்கும் தெரியும்.

சீரங்காயி மொளகாயைச் சுத்திப் போட்டா. வேப்பங்கொத்தால தடவுனா. ஒண்ணும் கேக்கலை. கடைசியில கொல்லைக்கு வந்து கொண்டைக்காரி முன்னால நின்னா.

"உனக்கு ஏதோ சீக்கு இருக்குது. மறைச்சுட்டே. புள்ளைங்களைக் கூட்டிட்டு இப்பவே வெளிய போ."

"எனக்கு என்ன சீக்கு அம்மிணி? நல்லாத்தானே மேயறேன், நல்லாத்தானே நிக்கறேன்" அப்படின்னா கொண்டைக்காரி. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வேலிக்கு அந்தப் பக்கம் கீரி இருக்கு. போனா எட்டுல ஒண்ணுகூட மிஞ்சாது. ஆனா அவ தலையைக் குனிஞ்சது அதுக்காக இல்ல.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வாட்சர் சம்சாரம் என்னைத் தொட்டுட்டா, சோப்புப் போட்டுக் கழுவாம அடுப்பைத் தொட மாட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். ஒரு நாள் அவங்க மககிட்டச் சொன்னாங்க: கோழி நல்லாத்தான் இருக்கும், அது வயித்துல இருக்கறது அதை ஒண்ணும் பண்ணாது, உன்னையத்தான் பண்ணும்னு."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீ என்ற குஞ்சுக்கு முத்தம் குடுத்தே. என்னை யாரும் அப்படிக் கொஞ்சுனதில்ல. சொன்னா விட்டுருவியோன்னு இருந்துட்டேன்."

சீரங்காயிக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான்தான் கை கழுவறேனே!"

"எங்க? அந்தத் தொட்டியிலயா? அதுல என்ற புள்ளைங்க குடிக்குது, குளிக்குது, எச்சமும் போடுது. அதுல முக்குனா கை கழுவுன மாதிரியா, எச்சக் குழம்புல தொட்ட மாதிரியா?"

"எங்கம்மா எங்களை இந்தக் கொல்லையிலதான் வளத்தா. பஞ்சாரத்துக்குள்ளயே படுத்தோம். யாருக்கு என்ன வந்துச்சு?"

"உங்கம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?"

"மூணு. அண்ணன், நான், தங்கச்சி."

"இருக்கறதைக் கேக்கலை, பொறந்ததைக் கேக்கறேன். தெனமும் பொழுது சாயறப்ப றெக்கைக்குள்ள எண்ணிப் பாக்கறவ நான். இருக்கறதை மட்டும் எண்ணுனா அது எண்றதாகுமா? வெரலை மடக்கு."

சீரங்காயி மூணு வெரலை மடக்குனா. நாலாவது வெரலு மடங்காம அப்படியே நின்னுச்சு.

காதோரம் வெள்ளையா ரோமம் இருந்த தம்பி. பஞ்சாரத்துக்குள்ள இவ வயித்துமேல தலை வெச்சுத் தூங்கறவன். ஒரு மழைக்காலத்துல அவனுக்கு வயித்தால போச்சு. அப்புறம் நாலு நாள் அம்மா அவனைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சா. அவன் அசையலை. ஈ மொய்ச்சுது. கொம்புக்குக் கொம்பு தாவறப்பவும் ஒரு கையால அணைச்சுக்கிட்டுத்தான் தாவுனா. அஞ்சாம் நாளு அம்மா கை வெறுங்கையா இருந்துச்சு. யாரும் எதுவும் கேக்கலை.

அதுக்கும் முன்னால இன்னொண்ணு. அதுக்குப் பேரு கூட வைக்கலை.

வைக்கோல் வாசம் ஞாபகம் இருந்துச்சு. தவிட்டு வாசம் ஞாபகம் இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரை மட்டும் மறந்தே போயிருந்தா. கோழியால வந்ததோ, வேற எதனால வந்ததோ, இப்ப யாரு கண்டா? ஆனா "யாருக்கு என்ன வந்துச்சு"ன்னு மறுபடி கேக்க அவளுக்கு வாய் வரலை. அஞ்சு வெரலும் மடங்கின கையைப் பாத்துட்டே நின்னா.

அப்புறம் புள்ளையைப் பரண்ல கெடத்திட்டு, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கிட்டு, ஒரே ஓட்டமாப் பக்கத்து ஓடையில எறங்குனா. ஓடற தண்ணியில, அந்தச் சாம்பலை வெச்சு, நகத்து இடுக்கு, வெரல் சந்து, மணிக்கட்டு வரைக்கும் தேச்சுத் தேச்சுக் கழுவுனா. மாரையும் துடைச்சா. அதுக்கப்புறம்தான் புள்ளையைத் தூக்குனா. பொடிச்சி குடிக்க மாட்டேங்குது. விடலை. சொட்டுச் சொட்டா, வெளிக்குப் போகப் போகப் பாலு குடுத்துட்டே இருந்தா. தென்னமரத்துல ஏறி எளநீ பறிச்சாந்து வாயை நனைச்சா.

கொண்டைக்காரியும் சும்மா இருக்கலை. புள்ளைங்களை வரிசையா ஓட்டிட்டுப் போயி கொல்லைக் கடைசியில பஞ்சாரத்தடியில உக்காந்துக்கிட்டா. அடுப்படிப் பக்கம் ஒரு குஞ்சு எட்டிப் பாத்தாலும் கொத்தி இழுத்தா.

ரெண்டு நாள் இப்படியே போச்சு. மூணாம் நாள் காலையில சீரங்காயி கண்ணசந்து கெடக்கறா, காதை யாரோ வெடுக்குன்னு இழுத்தாங்க. பாத்தா பொடிச்சி. அம்மா ரோமத்தை ரெண்டு கையாலயும் இறுக்கப் புடிச்சுட்டு இருக்கறா.

சீரங்காயி கோழியை வெரட்டலை. தொட்டித் தண்ணியைத் தெனமும் மொண்டு கொட்டி மாத்துனா. குஞ்சைத் தூக்குனா நேரா ஓடைக்குப் போனா. முத்தம் மட்டும் கெடையாது. மழை பெய்யற பொழுது பொடிச்சியோட பரண்ல உக்காந்து, கீழ எட்டுக் குஞ்சும் பஞ்சாரத்துக்குள்ள பூந்துக்கறதைப் பாப்பா. வைக்கோல் வாசம் அங்க வரைக்கும் வரும். அது போதும்னு இருந்துச்சு அவளுக்கு.

கோழி எத்தனை நல்லா இருந்தாலும் அதைத் தொட்ட கையைக் கழுவாம வாயிலயும் புள்ளை மேலயும் வைக்கக் கூடாது, அந்தக் காலத்துல ஒண்ணுமே ஆகலைன்னு சொல்றவங்க அப்ப போனவங்களை எண்ண மறந்தவங்க.

மடியில இருக்கற அந்தக் குஞ்சை மொதல்ல கீழ விடு சிந்தாமணி, கையைக் கழுவிட்டு முறுக்கை எடு, அது எங்கயும் ஓடிராது. ஏனுங்க, உங்களைத்தான், படிக்கற அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, சோப்பும் ஒரு சொம்புத் தண்ணியும் இங்க கொண்டாங்க.