ஆறுச்சாமியின் கால்

பிரேக்குக்கு ஒரு குரு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். மலை ஏறுகிற பிக்கப்போ, பெரிய காரோ வழியில் மக்கர் செய்தால் அங்கே முதலில் போன் போவது பிலோமினாவுக்குத்தான். ஜாக்கி, ஸ்பேனர், ஆயில் டப்பா எல்லாவற்றையும் ஒரு பழைய வேனில் போட்டுக்கொண்டு வண்டி நிற்கிற இடத்துக்கே வந்துவிடுவாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். பேச்சு கம்மி, கோபம் அதைவிடக் கம்மி.

அவளுடைய ஒரே சீடர் நாச்சிமுத்து. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பாதி ஆயுசை 'ரைட்', 'ஹோல்டான்' என்ற இரண்டே சொல்லில் ஓட்டிய மனுஷன். நாம் கத்தினால் வண்டி நிற்கிறது, எது நிறுத்துகிறது என்று தெரியாமலே செத்துப்போவதா என்று ஒருநாள் தோன்றியது. பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இவளிடம் வந்து சேர்ந்தார். ஒரு பொம்பளையிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாயா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நிற்கிறேன் என்றார்.

அன்று மத்தியானம் வந்த போன் ஒரு மாதிரியாக இருந்தது.

"பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. விடவே மாட்டேங்குது" என்றது குரல்.

"எந்த இடம்?"

"கோத்தகிரிப் பாதைங்க. டீக்கடை தாண்டிக் கீழ வந்தா ஒரு பெரிய வளைவு வருமே, அங்க. சீக்கிரம் வாங்க, எனக்குப் பயமா இருக்குது."

பிரேக் பிடிக்கவில்லை என்று பயப்படுகிறவர்களை நாச்சிமுத்து நிறையப் பார்த்திருக்கிறார். பிடிக்கிறது என்று பயப்படுகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

பாதி மலை ஏறியதுமே மூடுபனி சூழ்ந்துகொண்டது. பட்டப்பகலில் ஹெட்லைட் போட வேண்டியதாயிற்று. வளைவை நெருங்கும்போது பனிக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிக்கப்பின் பிரேக் லைட்.

"டிரைவர் பெடல்ல காலை வெச்சுக்கிட்டே உக்கார்ந்திருக்கான் போல" என்றார் நாச்சிமுத்து.

பிலோமினா வேனை ஓரங்கட்டினாள். டிரைவர் வண்டிக்குள் இல்லை. பள்ளத்தை ஒட்டிய தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தான். பெயர் வெள்ளிங்கிரி என்றான். வண்டிச் சாவி அவன் கையில் இருந்தது.

"என்னாச்சு?"

"போன மாசத்துல இருந்தே இப்படித்தானுங்க. இந்த வளைவுக்கு வந்தா நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே பிரேக் விழுந்துருது. நேத்து மழை ஈரத்துல வண்டி சுத்தி, டயர் சுவத்துல இடிச்சு நின்னுச்சு. இந்தச் சுவர் மட்டும் இல்லீன்னா நான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"வண்டில வேற யாராவது?"

"அண்ணியும் அண்ணன் கொழந்தைங்களும் மேல டீக்கடைல உக்கார்ந்திருக்காங்க. இன்னைக்கு அவங்களைக் கீழ அவங்க அம்மா வீட்டுல சேர்த்தாகணும். இந்த வளைவு தாண்டட்டும், அப்புறம் வந்து ஏத்திக்கறேன்னு சொல்லிட்டு வந்தனுங்க. தாண்ட முடியலை."

டயர்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். பிலோமினா கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். பெடல் கீழே அமுங்கிக் கிடந்தது. கையால் பிடித்துத் தூக்கினாள். சொன்னபடி கேட்டு மேலே வந்தது. சிவப்பு லைட் அணைந்தது.

அதற்கப்புறம் வழக்கமான வேலை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிரேக் பேடு புதுசு. ஆயில் தெளிவாக இருந்தது. குழாயில் வீக்கம் இல்லை, எங்கேயும் துரு இல்லை. பெடலின் ஸ்பிரிங்கும் நல்ல ஸ்பிரிங்.

"சுத்திப் பாருங்கண்ணா" என்றாள்.

நாச்சிமுத்து சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். சிக்கில்லாமல் சுற்றியது. நல்ல பிரேக் என்று சொல்ல வாயெடுத்தார். சக்கரம் சட்டென்று நின்றது.

"பெடலை மிதிச்சீங்களா, அம்மணி?"

கேட்ட பிறகுதான் பார்த்தார். பிலோமினா அவர் பக்கத்திலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெள்ளிங்கிரி சுவரை விட்டு அசையவில்லை. கதவு திறந்தபடி இருந்தது, சீட் காலி. வண்டிக்குப் பின்னால் பனி மறுபடி சிவந்திருந்தது.

நாச்சிமுத்துவின் கண்ணெதிரே பிலோமினா போய்ப் பெடலைத் திரும்பவும் தூக்கினாள். வந்தது. கையை எடுத்தாள். பெடல் நிதானமாக, அவசரமே இல்லாமல், கீழே போய் அமர்ந்தது. மிதிக்கிறவன் தொழில் தெரிந்தவன் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவரை இன்னும் பயமுறுத்தியது.

பயத்தில் மனுஷனுக்குப் பழைய பழக்கம்தான் வாயில் வரும். காலி சீட்டைப் பார்த்து, "ரைட், போலாம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. "விடுங்க சாமி. யாரா இருந்தாலும் காலை எடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். லைட் அணையவில்லை.

பிலோமினா சுவரருகே போய் வெள்ளிங்கிரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா இந்த வண்டிக்கு யாரு பிரேக் வேலை பார்த்தது?"

"நானும் எங்கண்ணனும்தானுங்க. ஆறுச்சாமின்னு பேரு."

"எங்க வெச்சு?"

அவன் கண்ணாலேயே வளைவைக் காட்டினான்.

"ஏர் எடுத்தீங்களா?"

"ஆமாங்க."

பிரேக் ஆயிலில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் சக்கரத்தடியில் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலுமாக வெளியே விட்டு, மூடுவார். மூடிய பிறகு 'விடு' என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் மேலே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாச்சிமுத்துவுக்கு பிலோமினா சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

"போன மாசம் இங்க வரும்போது பிரேக் இறங்கிருச்சு. அண்ணன் சீட்டுல, நான் கீழ" என்றான் வெள்ளிங்கிரி. "பிடிச்சுக்கங்கண்ணான்னு சொன்னேன். பிடிச்சுக்கிட்டாரு. நிப்பிளைத் தொறந்து மூடுனேன். அப்போ கீழ இருந்து ஒரு லாரி வந்துச்சு. தெரிஞ்ச பையன். ரெண்டு வார்த்தை பேசலாம்னு எந்திரிச்சுப் போனேன். பேச்சு வளர்ந்துருச்சு. அவன்கூடவே டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"வந்து?"

"அண்ணன் அப்படியேதான் உக்கார்ந்திருந்தாரு. கண்ணு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நெஞ்சுவலியாம். நீ பக்கத்துல இருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டாரு, சரி. ஆனா அந்தக் காலைப் பெடல்ல இருந்து எடுக்க நாங்க பட்ட பாடு எனக்குத்தானுங்க தெரியும்."

அவன் அழுதான். நாச்சிமுத்துவுக்குப் பயம் போகவில்லை, அதோடு பரிதாபமும் சேர்ந்துகொண்டது.

பிலோமினா எழுந்து ஸ்பேனரையும் குழாய் வைத்த ஒரு பாட்டிலையும் எடுத்து வெள்ளிங்கிரி கையில் கொடுத்தாள்.

"எந்தச் சக்கரம்?"

"பின்னாடி, இடது பக்கம்."

"அங்க போய் உக்காரு. நிப்பிளைத் தொறந்து மூடு. மூடிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லு."

அவன் போய் உட்கார்ந்தான். நிப்பிளில் குழாயைச் செருகித் திறந்தான். குழாய் வழியே ஆயில் பாட்டிலுக்குள் இறங்கியது. காலி சீட்டிலிருந்து யாரோ அழுத்தி அனுப்புகிற ஆயில். அதைப் பார்க்க மாட்டாமல் நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளிங்கிரி நிப்பிளை மூடினான். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லு" என்றாள் பிலோமினா.

"வேண்டாங்க்கா. இருந்துட்டுப் போகட்டும். நான் பார்த்து ஓட்டிக்கறேன்."

"ஏன்?"

"சொன்னா போயிருவாருங்க்கா."

பிலோமினா மேலே டீக்கடை இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"சரி, சொல்ல வேண்டாம்" என்றாள். "மேல போய் உங்கண்ணியையும் கொழந்தைங்களையும் கூட்டிட்டு வா. ஏத்து. கீழ ஓட்டிக்கிட்டுப் போ."

வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டான். பனி அவன் முதுகின் மேல் ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை. பிறகு அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வேலை நேரத்தில் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் சொன்னான்.

"விடுங்கண்ணா."

லைட் அணைந்தது.

அத்தோடு போயிருந்தால் நாச்சிமுத்து அன்று ராத்திரி தூங்கியிருப்பார். சீட்டின் ஸ்பிரிங் முனகிற்று. வண்டியின் வலது பக்கம் ஒரு விரல்கடை அளவு மேலே எழும்பியது, கனத்த ஆள் இறங்கினால் எழும்புமே அப்படி. திறந்த கதவுக்குக் கீழே, ஈர ரோட்டில், சரளைக் கற்கள் நெரியும் சத்தம் கேட்டது. அது அவரைத் தாண்டி, சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்த வெள்ளிங்கிரி அருகே போய், அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மலை ஏறும் பக்கமாகப் போய்த் தேய்ந்துவிட்டது.

வெள்ளிங்கிரி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சக்கரத்தை இறக்கினார்கள். கல்லை எடுத்தார்கள். பிலோமினா வண்டியை ஓட்டி வளைவில் மூன்று தடவை போய் வந்தாள். மிதித்தால் பிடித்தது, எடுத்தால் விட்டது. கொஞ்ச நேரத்தில் வெள்ளிங்கிரி அண்ணியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக அவர்களைக் கடந்து இறங்கிப் போனான். முன் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வேன் அடிவாரம் நெருங்குகிறவரை நாச்சிமுத்து அடக்கிக்கொண்டுதான் இருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கண்ணா."

"நானும்தான் விடுங்கன்னு சொன்னேன். கும்பிட்டுக்கூடச் சொன்னேன். அவரு காதுல விழலை. இத்தனை வருஷம் இதே தொழில்ல இருக்கறீங்க, நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பாரில்ல? எதுக்கு அந்தப் பையனைப் போட்டு அத்தனை பாடுபடுத்துனீங்க?"

பிலோமினா கியரை மாற்றினாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நாம சொன்னா அவரு எப்படிங்கண்ணா விடுவாரு? பிடிச்சுக்கச் சொன்னது நாம இல்லீங்களே."